‘பேட்டரி மேல பழியைப் போடாதீங்க!’ - வேன் வீட்டில் விளக்கணைந்த ஒரு மழை இரவு

தரங்கம்பாடியில் அன்று விடாத மழை. இரவு எட்டு மணி இருக்கும். கடற்கரைக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்த வேனுக்குள் விளக்கு மங்கியது. அடுத்த சில நிமிடங்களில் ஃப்ரிட்ஜின் சத்தமும் நின்றுபோனது.

“மறுபடியுமா? பேட்டரி மாத்தி மூணு மாசம்கூட ஆகலையேம்மா...” என்று தலையில் கை வைத்தார் அவர்.

கோவையைச் சேர்ந்த தம்பதி. அவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். மனைவி, அரசுப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். பி.எஃப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, கூரையில் சோலார் என்று சின்ன வீடாகவே மாற்றியிருந்தார்கள். ஃப்ரிட்ஜில் பாலும் மாவும் மட்டும் இல்லை. அவருடைய இன்சுலினும் இருந்தது. உபயோகத்தில் இருக்கும் பேனா வெளியே சில வாரம் தாங்கும். பிரிக்காதவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். குடை பிடித்துக்கொண்டு போய், தெருமுனை மருந்துக் கடை ஃப்ரிட்ஜில் அவற்றைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

போனில் மகன் சுருக்கமாகச் சொன்னான். “வித்துடுங்கப்பா. கார்ல போங்க, லாட்ஜ்ல தங்குங்க.”

அவர் பதில் சொல்லவில்லை. ஆகஸ்டில் வால்பாறை மழையிலும் இதே கதைதான். அப்போது கடைக்காரர் பேட்டரியை டெஸ்ட் செய்து ‘செல் போச்சு’ என்றார். 18,000 ரூபாய்க்குப் புதிது வாங்கினார்கள். காலியாகக் கிடக்கும் பேட்டரி எதுவுமே அந்த டெஸ்டில் தோற்கும். முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை.

காலையில் மனைவி தன் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். “ஏனுங்க, வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க. அளக்காம எதையும் மாத்தக் கூடாது.”

இப்படிப்பட்ட வேன்களில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று செல்ஃப் எடுக்க. இன்னொன்று வீட்டு உபயோகத்துக்கு. இவர்களுடையது 150 ஆம்பியர் ஹவர். லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுசு குறையும் என்பதால், கையில் இருப்பது 75தான். ஃப்ரிட்ஜ் மட்டுமே நாளைக்கு 50, 60 குடித்துவிடும். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர், மெக்கானிக் பாஷையில் டைனமோ, இரண்டையும் நிரப்ப வேண்டும்.

இன்ஜின் ஓட ஓட அளந்தார். செல்ஃப் பேட்டரியில் 14.2 வோல்ட். நல்லது. வீட்டு பேட்டரியில் 11.9. முந்தைய நாள் ஆறு மணி நேரம் ஓடி வந்த வண்டி அது!

பாசிட்டிவ் பக்கம் ஃபியூஸ், ரிலே எல்லாம் சரி. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சிவப்பு வயரை மட்டுமே துருவுவார்கள், கறுப்பு வயரை மறந்துவிடுவார்கள். அவர் மறக்கவில்லை. மீட்டரின் ஒரு முனையை வீட்டு பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை வண்டியின் வெறும் இரும்பிலும் வைத்தார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 2.2 வோல்ட் காட்டியது.

இன்ஜினை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கி, வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டார். சீட்டுக்கு அடியில் எர்த் வயரின் லக், பெயின்ட் அடித்த தகட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. மேட்டில் இறங்கிய மழைநீரில் போல்ட்டும் துருப்பிடித்திருந்தது.

“அப்ப வெயில் காலத்துல எப்படிம்மா ஓடுச்சு?”

“சோலார்தானுங்க நிரப்பிட்டிருந்துச்சு. அதோட வயர் நேரா பேட்டரிக்குப் போகுது, இந்த எர்த் அதுக்குத் தேவையில்லை. மழை வந்ததும்தான் குட்டு வெளிப்பட்டுச்சு.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. வால்பாறையில் தூக்கிக் கொடுத்த பழைய பேட்டரி நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

உப்புத்தாளால் பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வேசலின் தடவினார்கள். மறுபடி இன்ஜின். நெகட்டிவ் பக்கம் 2.2 இருந்த இடத்தில் 0.1. வீட்டு பேட்டரி 13.5-க்கு ஏறியது. சார்ஜ் ஏற்றுவதற்காகவே வேளாங்கண்ணி வரை போய்த் திரும்பினார்கள்.

மருந்துக் கடையைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தப் போனார் அவர். மனைவி தடுத்துவிட்டார். “இன்னிக்கு ராத்திரி ஃப்ரிட்ஜ் ஓடட்டும். பார்த்துட்டு வாங்கிக்கலாம்.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு, மழை விடவில்லை. பேட்டரியில் 12.4 வோல்ட், ஃப்ரிட்ஜுக்குள் 5 டிகிரி. கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றார் அவர்.