எழுபது காளைகள்

எண்ணாகமம் 29ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுத்த போதகர் யாரையும் நான் கண்டதில்லை. எடுத்தாலும் என்னத்தைச் சொல்வது? கூடாரப்பண்டிகையின் முதல் நாள் 13 காளைகள், மறுநாள் 12, அதற்கடுத்த நாள் 11 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து ஏழாம் நாளில் 7. கூட்டினால் 70. இதுபோக தினமும் 2 ஆட்டுக்கடா, 14 ஆட்டுக்குட்டி, பாவநிவாரணத்துக்கென்று ஒரு வெள்ளாட்டுக்கடா. எண்ணெயில் பிசைந்த மாவு காளைக்கு இவ்வளவு, கடாவுக்கு இவ்வளவு, குட்டிக்கு இவ்வளவு. ஏழு நாளுக்கும் ஏறக்குறைய அதே வாசகம்.

அப்பா குடும்ப ஜெபத்தில் அதை ஒரு வரி விடாமல் வாசிப்பார். வேதத்தில் தாண்டிப் போக எதுவும் கிடையாது என்பது அவர் கட்சி. நாங்கள் தூங்கி விழுவோம். அம்மா மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருநாள் ஐந்தாம் நாள் காளைகளுக்கு வந்தபோது, "இம்புட்டுக் கறியும் யாருங்க தின்னது?" என்றாள்.

"தின்கிறதுக்கு இல்ல. சர்வாங்க தகனபலி. முழுசா எரிச்சிரணும்."

"பண்டிகைங்கீங்க, சாப்பாடே இல்லியா?"

அப்பா ஆறாம் நாளுக்குப் போய்விட்டார். அம்மா கேட்டதில் தப்பில்லை. கோயில் அசனத்துக்கு எத்தனை கிடா விழுந்தது, எத்தனை பந்தி போனது என்று வருஷம் முழுக்கப் பேசுகிற ஊர் எங்களுடையது.

சாப்பாடு இருக்கத்தான் செய்தது. அது வேறு பக்கத்தில் இருக்கிறது. சமாதான பலியில் கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் ஆசாரியர்களுக்கு, மிச்சமெல்லாம் கொண்டுவந்தவனுக்கு. ஸ்தோத்திர பலியென்றால் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும், விடியும்வரை வைக்கக்கூடாது. ஒரு முழு ஆட்டை ஒரே நாளில் ஒரு வீடு தின்ன முடியுமா? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். உபாகமம் 16 யாரையெல்லாம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று பட்டியலே போடுகிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை.

எழுபதுக்கு வருகிறேன். ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்தில் உலகத்து ஜாதிகளை எண்ணி எழுபது என்று கணக்கு வைத்திருந்தார்கள் யூத ரபீக்கள். எழுபது காளைகளும் அந்த எழுபது ஜாதிகளுக்காக என்கிறது தல்மூது. எட்டாம் நாள் ஒரே ஒரு காளை, அது இஸ்ரவேலுக்கு. கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேம் ஆலயத்தை எரித்ததோடு பலியெல்லாம் நின்றுபோனது. நின்றாலும் அந்த வசனங்களைப் பண்டிகை நாட்களின் கூடுதல் தொழுகையில் யூதர்கள் இன்றும் சொல்கிறார்கள். பலி இல்லை, பலியின் பட்டியல் மட்டும். எங்கள் அப்பாவின் கட்சிக்கு அங்கே ஆள் பலம் உண்டு.

நம் பக்கத்தில் எபிரெயருக்கு எழுதின நிருபம் போதும் என்று இருந்துவிட்டோம். எல்லாம் நிழல், பொருள் கிறிஸ்து, காளை இரத்தம் பாவத்தை நீக்காது, ஒரே தரம் செலுத்தியாயிற்று. அதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் நிழலைப் பார்க்காமலே நிழல் என்று சொல்லிப் பழகியதில், செத்த ஆடு எல்லாம் பாவத்துக்குத்தான் செத்தது என்று ஆகிவிட்டது. கூடாரப்பண்டிகையின் முதல் நாளை எண்ணிப் பாருங்கள்: தகனபலிக்கு 29, பாவநிவாரணத்துக்கு ஒன்று. தகனபலியிலும் பாவநிவிர்த்தி உண்டு என்று லேவியராகமம் முதல் அதிகாரம் சொல்வது தெரியும். இருந்தாலும் அந்த ஏழு நாளும் அறுவடை முடித்த சந்தோஷத்தின் நாட்கள், அழுகிற நாட்கள் அல்ல. அழுவதற்கென்று ஐந்து நாள் முந்தியே ஒரு நாள் உண்டு, போக்காட்டை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிற நாள்.

பஸ்கா ஆடும் பாவநிவாரணபலி அல்ல. அது எகிப்தை விட்டுக் கிளம்புகிற ராத்திரியின் சாப்பாடு. எருசலேமில் அதை எப்படி அறுத்தார்கள் என்று ரபீக்களின் மிஷ்னா நூல் சொல்வதைப் படித்தால் ஒரு பெரிய கல்யாண வீட்டுச் சமையல்கட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஜனங்கள் மூன்று கூட்டமாக உள்ளே வருவார்கள். ஆசாரியர்கள் வரிசை வரிசையாக நிற்பார்கள். ஒரு வரிசையில் எல்லாம் வெள்ளிக் கிண்ணம், அடுத்ததில் எல்லாம் பொன். இரத்தம் நிறைந்த கிண்ணம் கைமாறிப் பலிபீடத்துக்குப் போகும், காலிக் கிண்ணம் திரும்பி வரும். கிண்ணங்களுக்குத் தட்டையான அடி கிடையாது. யாராவது கீழே வைத்துவிட்டால் இரத்தம் உறைந்துவிடுமே! லேவியர்கள் பாடிக்கொண்டே இருப்பார்கள். கடைசியாக வருகிற கூட்டத்துக்குச் சோம்பேறிக் கூட்டம் என்றே பெயர் என்கிறது தல்மூது. பிறகு ஆட்டை மாதுளைக் கம்பில் கோத்துச் சுட வேண்டும்.

இதில் கொஞ்சத்தை இன்றைக்கும் பார்க்கலாம். நாப்லஸ் பக்கத்தில் கெரிசீம் மலையில் ஆயிரத்துக்கும் குறைவான சமாரியர்கள் வருஷாவருஷம் பஸ்கா அறுக்கிறார்கள். ஆவணப்படத்தில் பார்த்திருக்கிறேன். வெள்ளை உடுப்பில் ஆண்கள், நீளக் கம்புகளில் கோத்த ஆடுகளைத் தீக்குழிக்குள் இறக்கி மண்ணால் மூடுகிறார்கள். ராத்திரி வெகுநேரம் கழித்துத் திறந்து, கையால் பிய்த்து அவசரமாகத் தின்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கன்னத்தில் எண்ணெய் வழிகிறது.

கிறிஸ்துவை நம் பஸ்கா என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல், அடுத்த மூச்சிலேயே ஆகையால் பண்டிகையை ஆசரிப்போம் என்கிறார். பலி முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. இன்னொன்றும் நம் பிரசங்கங்களில் வராது. அப்போஸ்தலர் 21இல் அதே பவுல் பொருத்தனை செய்த நாலு பேரின் காணிக்கைச் செலவை ஏற்றுக்கொண்டு, தானும் சுத்திகரித்துக்கொண்டு தேவாலயத்துக்குள் போகிறார். சிலுவைக்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. எருசலேமின் விசுவாசிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், பலிபீடத்தைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டதாகத் தெரியவில்லை. பவுல் சறுக்கிவிட்டார் என்று சிலர் சமாளிப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பண்டிகைப் பலியிலிருந்து சபைக்கு வந்து சேர்ந்தது முக்கியமாகப் பந்திதான் என்று நினைக்கிறேன். நாம் அதை நகத்தளவு அப்பமும் ஒரு மடக்கு ரசமுமாகச் சுருக்கி, துக்க வீட்டு முகத்தோடு வாங்கிக்கொள்கிறோம். கொரிந்து சபையில் சிக்கல் வேறு. முந்தி வந்தவன் தான் கொண்டுவந்ததைத் தின்று குடித்து வெறித்துக் கிடந்தான், இல்லாதவன் பசியோடு உட்கார்ந்திருந்தான். பவுலுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார். அப்பம் புளித்ததா புளிக்காததா, ஜெபம் சரியாகச் சொன்னார்களா என்றெல்லாம் அங்கே கேட்கவில்லை. ஒருவருக்கொருவர் காத்திருங்கள் என்கிறார்.