நாலு வோல்ட் டார்ச்சும் லித்தியம் பேட்டரியும்

மும்முனை மின்சாரம் இரவில் வரும் வாரத்தில், விவசாயியின் கைக்கு மண்வெட்டிக்கு முன்னால் வந்து சேர்வது டார்ச் லைட். மோட்டார் போட, மடை திருப்ப, வாய்க்காலில் நண்டு எங்கே வளை போட்டிருக்கிறது என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. ஈர வரப்பில் கிடந்தால் நல்ல வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே டார்ச் லைட்டும் பண்ணைக் கருவிதான். உரத்துக்கும் மருந்துக்கும் நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கும் விவசாயி, டார்ச்சுக்குச் சார்ஜர் வாங்கும்போது மட்டும் சந்தையில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்.

ஒரு காலத்தில் இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. மூணு கட்டை, அஞ்சு கட்டை டார்ச்தான். கட்டை வலுக் குறைந்தால் வெயிலில் காய வைத்து இன்னும் ரெண்டு நாள் ஓட்டுவார்கள், அப்புறம் புதுசு. அதற்குப் பிறகு வந்தது, பின்பக்கம் இரண்டு பின்னை இழுத்துவிட்டு நேராகப் பிளக்கில் செருகும் டார்ச். அதற்குள் இருப்பது நாலு வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. டிராக்டர் பேட்டரியின் சின்னத் தம்பி என்று சொல்லலாம். இப்போது கடைகளில் நிறைந்திருப்பது லித்தியம் அயான். 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. இதை உருவாக்கியதற்காக குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எடை குறைவு, வெளிச்சமும் சட்டென்று மங்காது. சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் சார்ஜ் ஏற்றும் விஷயத்தில் லெட் ஆசிட் பொறுத்துக்கொள்வதை இது பொறுத்துக்கொள்ளாது.

சத்தியமங்கலம் பக்கம் வாழையும் மஞ்சளும் வைத்திருக்கும் ஒரு விவசாயியிடம் இந்தப் பின் வைத்த டார்ச்தான் இருந்தது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இரண்டு மடை மாற்றுவதற்குள் மங்க ஆரம்பித்துவிட்டது. டவுனில் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார்.

"ஏனுங்கண்ணா, இதே பேட்டரி போட்டா மறுபடியும் ஆறு மாசந்தானுங்க. லித்தியம் போட்டுத் தர்றேன். வெயிட்டும் இருக்காது, வெளிச்சமும் நிக்கும்" என்றார் கடைக்காரத் தம்பி.

"அதுக்கு வேற சார்ஜர் வேணுங்களா தம்பி?"

"அதெல்லாம் வேண்டாங்கண்ணா. இருக்கற பின்னுலயே போட்டுக்கலாம்."

கோளாறு இந்தக் கடைசிப் பதிலில்தான் இருந்தது. மூன்று நாள் வெளிச்சம் பிரமாதம். விவசாயி வழக்கப்படி தண்ணீர் பாய்ச்சி முடித்து வந்ததும் கட்டுத்தரைச் சுவரில் இருக்கும் பிளக்கில் டார்ச்சைச் செருகிவிட்டுப் படுத்துவிடுவார். நாலாவது நாள் விடிகாலை பால் கறக்கப் போன வீட்டம்மாவுக்கு, பெயின்டில் கலக்கும் தின்னர் மாதிரி ஒரு இனிப்பு வாசனை அடித்தது. டார்ச்சின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் இளகி, வயிறு உப்பினாற்போல் இருந்தது. தொடாமல் சுவிட்சை அணைத்துவிட்டு, தொரட்டியால் இழுத்து வாசல் மண்ணில் தள்ளினார். "ஏனுங்க, ஓடி வாங்க" என்று கூப்பிட்ட குரலுக்கு விவசாயி எழுந்து வருவதற்குள் டார்ச் 'உஸ்' என்று புகைவிட்டு அடங்கிவிட்டது. மேலே தென்னங்கீற்றுக் கூரை, கீழே இரண்டு கறவை மாடு, ஒரு கன்று, மூலையில் சோளத்தட்டு. அரைமணி நேரம் தாமதமாக எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நடந்தது என்ன? நாலு வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்குள் இரண்டு வோல்ட் அறைகள் இரண்டு உண்டு. அது முழுதாக நிரம்ப, சார்ஜர் 4.8 வோல்ட் வரை தள்ள வேண்டும். மலிவான டார்ச்சுக்குள் சார்ஜர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரு கெபாசிட்டர், நாலு டயோடு, அவ்வளவுதான். நிரம்பியதா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. பிளக்கில் இருக்கும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். லெட் ஆசிட் அதை ஓரளவு தாங்கும். உள்ளே இருக்கும் நீர் வற்றி, உப்பி, சில மாதங்களில் செத்துப்போகும். ஆறு மாதத்துக்கு ஒரு பேட்டரி போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். லித்தியம் அயானுக்கோ எல்லை 4.2 வோல்ட். அதைத் தாண்டித் தள்ளினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிய ஆரம்பிக்கும், எலக்ட்ரோலைட் சிதைந்து வாயுவாகும், சூடு ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் சூடே சூட்டை வளர்க்கும். அப்போது மின்சாரத்தை நிறுத்தினாலும் அது நிற்காது.

நாலு நாள் தாங்கியதற்கும் காரணம் உண்டு. அந்தச் சின்னச் சுற்று தரும் மின்னோட்டம் மிகக் குறைவு. முதல் இரண்டு மூன்று இரவுகளில், செலவழிந்ததை நிரப்பவே அது சரியாகப் போயிருக்கும். அதன் பிறகு ஏறியதெல்லாம் மிகை. பேட்டரியில் பாதுகாப்புச் சுற்று என்ற சின்ன அட்டை இருந்திருந்தால் 4.3 வோல்ட் பக்கம் அது துண்டித்திருக்கும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்லில் அதை எதிர்பார்க்க முடியாது.

இந்த விவசாயி அடுத்த முறை போனது டார்ச் கடைக்கு அல்ல. மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் மைத்துனர் மகனிடம். இது நல்ல யோசனை. ஊரில் மல்டிமீட்டர் வைத்திருப்பவர் அவர்தான். "மாமா, பேட்டரி தனியாக் கழட்டற மாதிரி டார்ச் வாங்குங்க. அப்பத்தான் அளந்து பார்க்க முடியும்" என்றார் அவர். யூ.எஸ்.பி. வயரை நேராக உடம்பில் செருகும் டார்ச்சுகளிலும் நல்லவை உண்டு. அவற்றுக்குள் லித்தியத்துக்கான சார்ஜிங் ஐ.சி. இருக்கும். ஆனால் மூடியைத் திறக்காமல் உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று தெரியாது. கழற்றக்கூடிய செல், அதற்கென்று தனிச் சார்ஜர் என்பதே கிராமத்துக்கு ஏற்றது.

டார்ச்சில் பரவலாக வருவது 18650 என்ற செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதற்கான சார்ஜரில் முதலில் பார்க்க வேண்டியது, 'அவுட்புட் 4.2 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கிறதா என்பது. ஒன்றும் அச்சிடாமல் வெறும் பிளாஸ்டிக் பெட்டியாக இருந்தால் அதை வாங்கவே கூடாது. நல்ல சார்ஜர் வேலை செய்யும் விதம், தண்ணீர்த் தொட்டி நிரப்பும் அனுபவசாலியைப் போன்றது. தொட்டி காலியாக இருக்கும்போது வால்வை முழுக்கத் திறப்பார், விளிம்பை நெருங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார், நிரம்பியதும் அடைத்துவிடுவார். சார்ஜரும் 4.2 வோல்ட் வரை ஒரே அளவு மின்னோட்டம் தந்து, பிறகு வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு, மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததும் நிறுத்த வேண்டும். சிவப்பு விளக்கு பச்சையாக மாறுவது அதைத்தான் சொல்ல வேண்டும். மலிவுச் சரக்கில் பச்சை எரிந்தபடியே சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதும் உண்டு. அதனால் விளக்கை மட்டும் நம்பக்கூடாது.

மைத்துனர் மகன் செய்த சோதனை ஐந்து நிமிடம்தான். பச்சை எரிந்ததும் செல்லை எடுத்து மல்டிமீட்டரில் வைத்தார். 4.15க்கும் 4.22க்கும் இடையில் நின்றால் சார்ஜர் தேறிவிட்டது. 4.25ஐத் தாண்டினால் கடைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். பச்சை எரிந்த பிறகும் ஒரு மணி நேரம் விட்டு மறுபடி அளந்தார், ஏறவில்லை. செல்லைத் தலைகீழாக வைத்துப் பார்த்தார்; சார்ஜர் விளக்கு எரியாமல் மறுத்துவிட்டது. இருட்டில் அவசரத்தில் செல்லை மாற்றிப் போடுவது சகஜம், ஆகவே இதுவும் முக்கியம்.

ஆம்பியர் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். வேகமாக ஏறும் என்று இரண்டு ஆம்பியர் சார்ஜரை வாங்குவதில் லாபம் இல்லை. செல்லின் கொள்ளளவில் பாதி என்பது நல்ல அளவு. 2,500 எம்.ஏ.ஹெச். செல்லுக்கு ஒரு ஆம்பியர் தாராளம். கட்டைவிரல் அளவுச் சின்ன செல்லுக்கு அதில் பாதிகூட அதிகம்.

செல்லே போலியாக இருந்தால் எந்தச் சார்ஜரும் உதவாது. 18650 அளவில் 9,900 எம்.ஏ.ஹெச். என்று அச்சடித்து விற்கிறார்கள். இந்த அளவில் நல்ல நிறுவனங்களின் செல்லே 3,500ஐத் தாண்டுவது அரிது. இதைக் கண்டுபிடிக்க மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசு போதும். உண்மையான செல் 45 முதல் 50 கிராம் இருக்கும்; முப்பது கிராம் காட்டினால் உள்ளே சரக்கு இல்லை. செல்லின் மேலும், செருகும் மொபைல் அடாப்டரின் மேலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். லித்தியம் செல்லுக்கான தரம் ஐ.எஸ். 16046. அந்தப் பதிவு எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த எண் என்று வந்துவிடும். விதை மூட்டையில் சான்று அட்டை பார்க்கும் கண்ணுக்கு இது பெரிய வேலை இல்லை.

இன்னொரு வகையும் இதே உருவத்தில் வருகிறது. சோலார் விளக்குகளில் இருக்கும் லித்தியம் அயன் பாஸ்பேட் செல். மேலே 3.2 வோல்ட் என்று போட்டிருக்கும். அதன் எல்லை 3.65 வோல்ட். தீப்பிடிக்கும் ஆபத்து இதில் குறைவு என்றாலும், 4.2 வோல்ட் சார்ஜரில் போட்டால் வீணாகிவிடும். 3.6 அல்லது 3.7 என்று எழுதியிருந்தால் மட்டுமே 4.2 வோல்ட் சார்ஜர். இதைக் கடைக்காரரே பல இடங்களில் பார்ப்பதில்லை.

சார்ஜ் போடும் இடத்தையும் நேரத்தையும் இந்தக் குடும்பம் மாற்றிக்கொண்டது. இப்போது சமையல் திட்டில், கவிழ்க்காத மண்சட்டிக்குள் சார்ஜர் இருக்கிறது. காலை காபி நேரத்தில் போட்டு, பச்சை வந்ததும் வீட்டம்மா எடுத்துவிடுகிறார். கட்டில், சாக்கு, வைக்கோல், உர மூட்டை, டீசல் கேன் பக்கத்தில் எந்த பேட்டரியையும் சார்ஜ் போடக்கூடாது. 45 டிகிரிக்கு மேல் சூடான இடத்திலும் கூடாது. சித்திரை வெயிலில் தகரம் போட்ட மோட்டார் ரூமுக்குள் மத்தியானம் அந்தச் சூடு தாராளமாக வரும். செல் இளஞ்சூடாக இருக்கலாம். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். மாதக்கணக்கில் கிடந்து 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லை, வேறு பேட்டரியோடு வயர் வைத்து 'உசுப்பி' எழுப்பும் வைத்தியமும் ஊரில் உண்டு. அது வேண்டாம். இறந்த செல் இறந்ததுதான்.

டார்ச்சைவிடப் பெரிய ஆபத்து பேட்டரி ஸ்பிரேயரில் காத்திருக்கிறது. பெரும்பாலான ஸ்பிரேயரில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி; அதன் சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேல் தரும். இப்போது எடை குறைவு என்று மூன்று செல் கோத்த லித்தியம் பேட்டரியை மாட்டித் தருகிறார்கள். அதன் எல்லை 12.6 வோல்ட். இரண்டு சார்ஜருக்கும் முனையில் இருப்பது ஒரே உருண்டைப் பின். ஒரே வீட்டில் அண்ணன் ஸ்பிரேயரும் தம்பி ஸ்பிரேயரும் இருந்தால் சார்ஜர் மாறாமல் இருக்காது. சார்ஜரின் மேல் பெயின்டில் 'லித்தியம் 12.6' என்றும், ஸ்பிரேயரின் அடியில் அதே நிறத்தில் ஒரு கோடும் போட்டு வைப்பது நல்லது. எந்த பேட்டரி என்று தெரியாத ஸ்பிரேயரைத் திறந்து, பேட்டரியின் மேல் எழுத்தைப் படிக்காமல் சார்ஜ் போடக்கூடாது.

உப்பிய செல், தோல் உரிந்த செல், டார்ச்சிலிருந்து கழற்றிய பழைய செல் எதையும் சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் போடக்கூடாது. இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வெளியே வைத்து, மின்னணுக் கழிவு எடுப்பவர் வரும்போது கொடுத்துவிட வேண்டும். எருக்குழியில் எறிந்தால் அது எருவோடு வயலுக்குப் போய், ரோட்டவேட்டர் கத்தியில் மாட்டும்.