மித்திக்கு 30 நொடி

10 ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டினா வெளிச்சம் ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு பங்காயிடும். 1/30 நொடியில எடுக்கிற படத்துக்கு 30 நொடி தேவைப்படும். மும்பை குர்லா பாலத்துல முக்காலி வச்சு இப்படி எடுத்தா மித்தி நதி பட்டுச்சேலை மாதிரி வந்துடும். மிதக்கிற நுரை வெள்ளைக் கோடாகும், பால் பாக்கெட்டும் தெர்மாகோலும் இருந்த இடம் தெரியாது. அழுக்கை மறைக்கிற வேலைன்னு திட்டறாங்க. பாதிதான் சரி. நகர்றது அழியும், நிக்கிறது தங்கும், இதோட கணக்கே அவ்வளவுதான். 1838ல லூயி டாகேர் எடுத்த பாரிஸ் தெருப் படத்துல வண்டியும் கூட்டமும் காணாமப் போச்சு. ஷூ பாலிஷுக்குக் காலை நீட்டி நின்னவரும் போட்டவரும் மட்டும் மிஞ்சினாங்க. மித்தியிலயும் தண்ணிதான் வழவழன்னு ஆகுது. தடுப்புச் சுவரும், கம்பியில மாட்டிக் கிழிஞ்ச பையும், கரையில ஒதுங்கின பிளாஸ்டிக் குவியலும் அப்படியே கூர்மையா நிக்குது. மாஹிம் பக்கம் கடல் ஏறி இறங்கற இடைவேளையில தண்ணி தேங்கினா, மிதக்கிற குப்பைகூட படத்துல சிக்கும்.

'அப்ப 1/1000ல எடு, உண்மை வரும்'னு ஒரு வாதம். காத்துல உறைஞ்சு நிக்கிற துளியையும் எந்தக் கண்ணும் பார்த்ததில்லையே! (நாத்தம் ரெண்டுலயும் வராது, அது வேற விஷயம்.) 2005 ஜூலை 26ல சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மி.மீ. மழை கொட்டினப்ப வீட்டுக்குள்ள புகுந்த நதி இது. அதை அழகாக் காட்டறதுல தப்பில்லை, கரையை வெட்டிட்டுக் காட்டறதுதான் பித்தலாட்டம். அது ஷட்டர் பண்றதில்லை, நாம பண்றது.

சரி, கரையோட போட்டா எத்தனை பேர் லைக் போடுவீங்க?