மாதிரி என்னும் ஒரு சொல், இரு பொருள்

துளையிட்டு எடுத்த பாறைத் துண்டும் மாதிரி; அதைக்கொண்டு கணினி வரையும் நிலத்தடி வடிவமும் மாதிரி. ஆங்கிலம் இரு சொற்களால் பிரித்துக்காட்டுவதைத் தமிழ் ஒரே சொல்லால் சுட்டுகிறது. சுரங்கத் திட்டமிடல் மென்பொருள்கள் மேகக் கணிமைக்குப் பெயர்ந்துவரும் இக்காலத்தில், அச்சொல்லின் இரு பொருளையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

இரு துளைகளுக்கு இடைப்பட்ட நிலத்தை எவரும் கண்டதில்லை. சுற்றியுள்ள துளைகளின் மதிப்புகளிலிருந்து அங்குள்ள கனிம அளவை ஊகிக்கும் முறைக்குத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் பணியாற்றிய டேனி கிரிகே 1951இல் அடித்தளமிட்டார். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் மத்தரோன் அதனைக் கணிதக் கோட்பாடாக வளர்த்து, கிரிகேயின் பெயரையே அம்முறைக்குச் சூட்டினார்.

இன்று நிலம் இலட்சக்கணக்கான கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. ஊகத்தின் ஐயப்பாட்டை அளக்க, ஒரே தரவிலிருந்து நூற்றுக்கணக்கான சாத்திய வடிவங்களை உருவாக்கிப் பார்க்கவேண்டும். சுரங்க அலுவலகத்தின் ஒற்றைக் கணினியை இரவெல்லாம் பிடித்துவைக்கும் இவ்வேலை, மேகத்தில் பல கணினிகளுக்குப் பகிரப்பட்டு விரைந்து முடிகிறது. எவர், எப்போது, எதை மாற்றினார் என்ற தடமும் பதிவாகிறது. 'இறுதி', 'இறுதி 2' எனக் கோப்புகள் பெருகும் குழப்பம் குறைகிறது.

ஆயினும் தடம் பதிவது இரண்டாம் மாதிரிக்கு மட்டுமே. இந்தோனேசியாவின் புசாங்கில் கனடாவின் பிரெ-எக்ஸ் நிறுவனம் பெருந்தங்கம் கண்டதாக அறிவித்தது. பாறை மாதிரிகளில் தங்கத்துகள் கலக்கப்பட்டிருந்தது 1997இல் வெளிப்பட்டது. அங்கே பொய்த்தது கணக்கன்று. கணக்குக்கு ஊட்டப்பட்ட பாறைத்தூள். பாறை உருளையை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைச் சான்றாக வைப்பது வழக்கம். அங்கோ பெரும்பாலும் முழு உருளையும் அரைக்கப்பட்டிருந்தது; திரும்பச் சோதிக்கச் சான்று எஞ்சவில்லை.

இந்தியாவில் தேசியப் புவியறிவியல் தரவுக் களஞ்சியம் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டு, அரசு நிறுவனங்களின் ஆய்வுத் தரவுகள் இணையத்தில் திறக்கப்பட்டன. தரவு பொதுவில் இருந்தால், ஒரு மாணவரும் மாற்று வடிவத்தைக் கணித்து, வல்லுநரின் ஊகத்தை வினவலாம். ஆனால் மேக மென்பொருள் வாடகைப் பொருள். சுரங்கத்தின் ஆயுளோ பல பத்தாண்டுகள். சந்தா நின்றபின் கோப்பு திறக்காவிட்டால், நிலத்தைத் தோண்டியதற்கான நியாயமே பூட்டப்பட்டுவிடும்.

ஆகவே இரு காப்புகள் வேண்டும்: எந்த மென்பொருளிலும் திறக்கும் பொதுவடிவில் தரவு, கிடங்கில் எண்ணிட்டு அடுக்கிய பாதிப் பாறை. வடிவம் மேகத்தில் இருக்கலாம். அதன் மெய்ம்மைக்குச் சான்று மண்ணிலேயே இருக்கவேண்டும்.