வாவிக்கரையிலிருந்து செந்தோசாவுக்கு

சிங்கப்பூர் செந்தோசாத் தீவில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவை நடுவில் ஒரு நீர்நிலையை விட்டு, அதைச் சுற்றியே கட்டியிருக்கிறார்கள். வாசலைத் தாண்டியதும் ஹொலிவூட் தெரு. அதற்கப்பால் தண்ணீர் தெரியும். நான் போன காலத்தில் அந்தத் தண்ணீரைச் சுற்றி வந்தால் நியூயோர்க், எதிர்கால நகரம், பழைய எகிப்து, டைனோசர்க் காடு, ஷ்ரெக்கின் கோட்டை, மடகாஸ்கர் என்று வரிசையாகப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர முடிந்தது. மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்த எனக்குத் தண்ணீரைக் கண்டால் கண் முதலில் தோணியைத் தேடும். அங்கே மீன்பிடித் தோணிக்கு வேலையில்லை. கரையெங்கும் பிள்ளைகளின் சத்தம்தான்.

அது 2018 டிசம்பர், பாடசாலை விடுமுறைக் காலம். மச்சானுக்குச் சிங்கப்பூரில் வேலை. தங்கச்சியும் அவளுடைய ஏழு வயது மகனும் அவரிடம் போகப் புறப்பட்டபோது, அம்மாவும் நானும் சேர்ந்துகொண்டோம். மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் கொழும்பு கோட்டைக்குப் போய், கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால் சுமார் நான்கு மணித்தியாலத்தில் சிங்கப்பூர். ஊரிலிருந்து கொழும்புக்குப் போகத்தான் அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. பூங்காவுக்குப் போக, லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா வழித்தட ரயிலில் ஏறினால் மாறாமலே ஹார்பர்பிரண்ட் வரை போகலாம். நிலையத்தின் பெயரைத் தமிழிலும் எழுதியிருந்ததை மருமகன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "மாமா, இங்கயும் எங்கட எழுத்துத்தான்" என்றான். ஹார்பர்பிரண்டிலிருந்து ஒற்றைத் தண்டவாள ரயில் கடலைக் கடந்து செந்தோசாவுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

அந்தத் தீவின் கதையை நான் முன்னரே வாசித்திருந்தேன். ஒரு காலத்தில் அது பிரித்தானியரின் படைத்தளம். மேற்கு முனையில் சிலோசோக் கோட்டையும் பீரங்கிகளும் இன்றைக்கும் இருக்கின்றன. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தார்கள். போர் முடிந்து, பிறகு பிரித்தானியப் படையும் வெளியேறிய பின், 1972இல் அந்தத் தீவை மக்கள் ஓய்வெடுக்கும் இடமாக்க ஒரு தனிச்சபையை அமைத்தார்கள். யூனிவர்சல் பூங்கா 2010 மார்ச்சில் பார்வையாளருக்குத் திறந்து, 2011 மே மாதம் முறைப்படி திறப்புவிழாக் கண்டது. படைகள் இருந்த மண்ணில் பிள்ளைகள் ஓடித் திரிவதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் தலைமுறை வாவிக்கரையில் விளையாடி வளரவில்லை. இலங்கையின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், பொழுது சாய்ந்தால் கதவைப் பூட்டிக்கொள்ளும் ஊராக எங்கள் ஊர் இருந்தது. கல்லடிப் பாலத்தைக் கடக்க அடையாள அட்டையோடு வரிசையில் நின்றிருக்கிறோம். அதே பாலத்தடியில்தான் பௌர்ணமி இரவுகளில் மீன் பாடும் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க இரவில் தோணியில் போக எங்களுக்கு வழியில்லை.

பூங்காவில் என்னை முதலில் கவர்ந்தது ஹொலிவூட் தெருவுக்கு மேலே போட்டிருந்த பெரிய கூரை. பூமத்திய ரேகைக்கு மிக அருகே இருக்கும் ஊர் அது. எங்கள் ஊரைப் போலவே வெயிலும் கொளுத்தும், திடீரென்று மழையும் கொட்டும். அமெரிக்காவில் திறந்தவெளியாக இருக்கும் தெருவை இங்கே கூரைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். நிற்கிற வரிசைகளில் பெரும்பாலானவை நிழலுக்குள், மின்விசிறிகளுக்குக் கீழே. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைத்தது. அதைத் தள்ளிக்கொண்டு போக ஓரிடத்திலும் படி குறுக்கிடவில்லை. நாள் முழுவதும் ஒரு வயதான பெண்ணை வெளியில் கூட்டித் திரிவதென்றால் கழிப்பறையைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்கே அந்த யோசனை வரவேயில்லை.

எகிப்துப் பகுதியில் 'மம்மி' சவாரிக்குப் போனோம். இருட்டுக்குள் பாய்ந்தோடும் ரயில் அது. வாசலில் ஓர் அளவுகோல் நட்டிருந்தது. 122 சென்ரிமீற்றர் உயரம் இல்லாதவர் ஏற முடியாது. மருமகன் முதுகை நிமிர்த்தி, நாடியைத் தூக்கி, மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றான். இரண்டு விரற்கடை குறைந்தது. அங்கே நின்ற மலாய்ப் பெண் குனிந்து அவனுடைய முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்து, அளவுகோலில் அவன் தலை எங்கே வருகிறது, கோடு எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினாள். கெஞ்சிப் பார்க்க மச்சான் வாயெடுத்தார். அவள் சிரித்தபடியே தலையை ஆட்டிவிட்டாள். "மாமா, உயரமான சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தாச் சரிவருமா?" என்று அவன் கேட்டான். கண் கலங்கியிருந்தது. இவனுக்குப் பொருந்தும் சவாரி எது என்று அந்தப் பெண்ணே கைகாட்டி விட்டாள். டைனோசர்க் காட்டின் மேலாகத் தொங்கிக்கொண்டு பறக்கும் சவாரிக்கு 92 சென்ரிமீற்றர் போதும். அதில் ஏறி இறங்கியவன் மம்மியை மறந்தே போனான்.

எங்கள் பக்கம் திருவிழாக் காலத்தில் களியாட்ட விழாக்காரர் வருவார்கள். ராட்டினம், மரணக் கிணறு, தும்பு முட்டாசு, கச்சான் கடை என்று மைதானம் நிறைந்துவிடும். எனக்கு அது உயிர். ஆனால் நான் ஏறிய ராட்டினங்களில் பிள்ளையின் உயரத்தை அளந்து பார்த்தவர் எவருமில்லை. இருக்கையின் குறுக்குக் கம்பியைக் கயிற்றால் கட்டியிருந்ததைக் கண்டிருக்கிறேன். முடியாது என்று ஒரு பிள்ளையிடம் அன்பாகச் சொல்லத் தெரிந்திருப்பதும் விளையாட்டு இடத்தின் ஓர் அங்கம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நியூயோர்க் பகுதியில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் பெயரில் ஒரு காட்சி நடந்துகொண்டிருந்தது. படங்களில் பேரழிவை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று முதலில் அவர் திரையில் விளக்குகிறார். பிறகு ஒரு மண்டபத்துக்குள் விடுகிறார்கள். துறைமுகத்து ஓடக் கொட்டகை, வெளியே கடல், அப்பால் நகரம். சூறாவளி வருகிறது என்று அறிவிப்பு. வானம் கறுக்கிறது, மழை அடிக்கிறது, எண்ணெயில் தீப் பிடிக்கிறது, கூரை பிய்கிறது. கடைசியில் ஒரு கப்பல் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து நிற்கிறது. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்து, விளக்கு எரிந்து, சனம் கைதட்டியது.

அம்மா என் கையை விடவில்லை. மட்டக்களப்பில் அந்த வயதுக்காரர் எவருக்கும் சூறாவளி என்றால் அது ஒன்றுதான்: 1978 நவம்பர் 23. கிழக்குக் கரையைத் தாக்கிய அந்தப் புயலில் இலங்கையில் 900 பேருக்கு மேல் இறந்தார்கள். வாவிக்கரைத் தென்னந்தோட்டங்கள் தலையில்லாமல் நின்றன. வெளியே வந்து நிழலில் இருந்ததும் அம்மா மெல்லச் சொன்னார்: "இதில தண்ணியும் நெருப்பும் வருகுது, காத்து வரல்லையே. அண்டைக்குக் காத்துத்தான் மகன் எல்லாத்தையும் கொண்டுபோனது. எங்கட கூரை போனதும் பள்ளிக்கூடத்துக்குள்ள ஓடினம். கொஞ்ச நேரம் காத்து நிண்டுது. முடிஞ்சுதெண்டு வெளிய வந்தம். மறுகா மற்றப் பக்கத்தால அடிச்சுது."

புயலின் கண் தலைக்கு மேலால் போனால் அப்படித்தான் நடக்கும். நடுவில் ஓர் அமைதி, பிறகு எதிர்த்திசையிலிருந்து காற்று. படித்து அறிந்த இந்த விஷயத்தை, அதற்குள் நின்ற ஒருவர் வாயால் கேட்பதற்கு நான் சிங்கப்பூர் வரை வர வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகளாக அம்மா இதை எங்களிடம் சொன்னதில்லை. அன்றைக்கு நெடுநேரம் சொன்னார். மருமகன் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாவை உள்ளே கூட்டிப்போனது சரியில்லையோ என்று தங்கச்சி முணுமுணுத்தாள். அம்மா மறுத்துவிட்டார். "முதலே எழுதிப் போட்டுத்தானே காட்டுறாங்க, சத்தம் வரும், நெருப்பு வருமெண்டு. தெரிஞ்சுதான் போனன்."

மற்றச் சவாரிகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. டிரான்ஸ்போமர்ஸ் சவாரியில் எங்கள் வண்டி உண்மையில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்றே தெரியவில்லை, திரையும் வண்டியும் சேர்ந்து அப்படி மயக்குகின்றன. எதிர்கால நகரத்தில் சிவப்பு, நீலம் என்று இரண்டு தண்டவாளங்களில் ஒன்றையொன்று மோதுவதுபோல் ஓடும் ரயில்களில் மச்சான் மட்டும் ஏறினார். 'வோட்டர்வேர்ல்ட்' காட்சியில் தண்ணீர் தெறிக்கும் இருக்கைகளுக்குத் தனி நிறம் பூசியிருக்கிறார்கள். நனைய விரும்புகிறவர் அதில் போய் இருக்கலாம். மருமகன் எங்கே போய் இருந்தான் என்று சொல்லத் தேவையில்லை. நாங்கள் பார்த்த மடகாஸ்கர் பகுதி இப்போது இல்லை. அந்த இடத்தில் 2025இல் மினியன்களின் பகுதியைத் திறந்திருக்கிறார்கள்.

செலவையும் சொல்லத்தான் வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நுழைவுச்சீட்டு அப்போதே 70 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல், அன்றைய நாணய மாற்றில் 8,000 ரூபாய்க்குக் குறையாது. வரிசையில் காத்திருக்காமல் போக வேண்டுமென்றால் அதற்கு வேறாகக் காசு. எங்கள் வாவியின் மேற்கே படுவான்கரையில் வயல் வேலை செய்யும் ஒரு குடும்பம் தன் பிள்ளைகளை இங்கே கூட்டிவருவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அப்படியொரு பூங்காவை மட்டக்களப்பில் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது எங்களுக்குப் பொருந்தவும் பொருந்தாது.

அந்தப் பூங்கா முழுவதுக்கும் 20 ஹெக்டேயர் நிலம்தான். எங்கள் வாவியோ வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீற்றர் நீளம். கண்டல் காடு, கொக்கு, இறால், பாடும் மீன், ஒல்லாந்தர் கோட்டை, பாலமீன்மடு வெளிச்சவீடு என்று எவரும் செய்து தர முடியாதவை அதன் கரையில் இருக்கின்றன. 2013இல் புதிய கல்லடிப் பாலம் திறந்த பிறகு, பழைய இரும்புப் பாலத்தில் மாலை நேரங்களில் சனம் காற்று வாங்க நடக்கிறது. புளியந்தீவுக் கரையில் காந்திப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இடங்கள் இவை. நகரத்தை விட்டு விலகிப் படுவான்கரைக்குப் போனால், வாவியைப் பார்த்தபடி ஒரு பிள்ளை ஊஞ்சல் ஆட இடமில்லை.

செந்தோசாவில் நான் கண்டு மனம் நெகிழ்ந்தவற்றில் பெரும்பாலானவை இயந்திரங்களே அல்ல. நிழல், குடிக்கத் தண்ணீர், துப்புரவான கழிப்பறை, சக்கர நாற்காலிக்கு வழி, உயரம் அளக்கும் ஒரு கோல், குனிந்து பேசும் ஒரு முகம். இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை.

இலண்டனிலும் டொரொன்ரோவிலும் சூரிச்சிலும் இருந்து ஊர்த் திருவிழாவுக்குக் காசு அனுப்பும் உறவுகளே, கோயிலுக்குக் கொடுங்கள், கோபுரத்துக்கும் கொடுங்கள். அதோடு உங்கள் ஊர் வாவிக்கரையில் ஒரு நிழற்கூரைக்கும், பிள்ளை விழாமல் ஆடக்கூடிய ஓர் ஊஞ்சலுக்கும், ஒரு குடிநீர்க் குழாய்க்கும், பெண்கள் அச்சமின்றிப் போகக்கூடிய ஒரு கழிப்பறைக்கும் கொடுங்கள். ஊரில் இருக்கும் நாங்கள் அவற்றைப் பூட்டிப் போடாமல், பழுதாக விடாமல் பார்த்துக்கொள்கிறோம்.