ரிச்சி தெருவுக்கு மீட்டரோட போங்க!

சென்னை அண்ணா சாலையை விட்டு சிந்தாதிரிப்பேட்டை பக்கம் ஒதுங்கினா ரிச்சி தெரு. ஒயர், கனெக்டர், ஸ்விட்ச், மல்டிமீட்டர்னு சின்னச் சின்னக் கடைகள்லகூட சரக்கு கொட்டிக் கிடக்கும். நடுரோட்டுல நின்னுபோன பேட்டரி சைக்கிளுக்கு வைத்தியம் தேடுறவங்களுக்கு இதுதான் சரியான ஏரியா.

‘எத்தனை வோல்ட் தம்பி?’ - கடையில விழற முதல் கேள்வி இதுதான். தலையைச் சொறிஞ்சா பர்ஸ் காலி! ‘கன்ட்ரோலர் போச்சு’ன்னு ஆயிரக்கணக்குல அழறதுக்கு முன்னாடி, சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிடுங்க.

36 வோல்ட் லித்தியம் பேட்டரின்னா, ஃபுல் சார்ஜ்ல 42 வோல்ட் பக்கம் காட்டணும். அது ஓகேவா? பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திட்டு, பிரேக் லீவர்லேர்ந்து வர்ற கட்-ஆஃப் ஒயரைக் கழட்டிப் பாருங்க. மோட்டார் சுத்துச்சுன்னா, பெரும்பாலும் குற்றவாளி அந்தக் குட்டி ஸ்விட்ச்தான். மாத்தாம ரோட்டுல இறங்காதீங்க! அடுத்து த்ராட்டில். முறுக்க முறுக்க சிக்னல் ஒயர்ல சுமார் 1 வோல்ட்லேர்ந்து 4 வரைக்கும் சீரா ஏறணும். சக்கரம் உதறி உதறி நின்னா, மோட்டாருக்குள்ள இருக்கிற ஹால் சென்சார் மேல சந்தேகப்படலாம்.

பழைய பார்ட்டைக் கையோட கொண்டு போங்க. பிளக் ஒரே மாதிரி இருந்தாலும் ஒயர் வரிசை மாறும். கன்ட்ரோலர்னா வோல்ட், ஆம்பியர் ரெண்டும் பொருந்தணும். பேட்டரியை மட்டும் நீங்களே பிரிக்காதீங்க. லித்தியம் தீப்பிடிச்சா அணைக்கிறது லேசுல நடக்காது.

ஞாயித்துக்கிழமை நிறைய கடை லீவு. சனிக்கிழமையே கிளம்பிடுங்க பாஸ்!