தமிழ் விடுபட்டால் பில்ட் நிற்கட்டும்

லின்ட் என்றால் உடுப்பில ஒட்டுற பஞ்சுத் தும்பு. 1978இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் சி மொழிக்கு எழுதின கருவிக்கு அந்தப் பெயர்தான். புரோகிராமை ஓடவிடாமல், கோடை வாசித்தே பிழை பிடிக்கும். இன்றைக்கு அண்ட்ரொயிட் ஸ்டூடியோவோடேயே ஒரு லின்ட் வருகிறது.

வெள்ளவத்தையில் இருந்து நாங்கள் செய்கிற ஆப்புக்கு மூன்று மொழி. ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று சொற்கள் தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். தமிழ்க் கோப்பில் ஒரு வரி இல்லையென்றால் ஆப் நின்றுபோகாது. சத்தமில்லாமல் ஆங்கிலத்தைக் காட்டும். ஆபத்தே அதுதான். கொட்டாஞ்சேனையில் கடை நடத்துகிற ஒரு அம்மாவுக்கு, காசை அனுப்பவா, ரத்துச் செய்யவா என்று கேட்கிற இடத்தில் மட்டும் ஆங்கிலம் வந்து நிற்கும். போனை ஆங்கிலத்தில் வைத்திருக்கிற எங்களுக்கு அது கண்ணில் படாது.

இதற்கென்றே லின்டில் 'மிஸ்ஸிங் டிரான்ஸ்லேஷன்' என்ற விதி இருக்கு. அவசரத்தில் பலர் அணைத்துவிடுகிற விதியும் அதுதான். நாங்கள் அணைக்கவில்லை. திரை வடிவமைப்புக் கோப்பில் நேரடியாக எழுதின சொற்களைப் பிடிக்கிற 'ஹார்ட்கோடட் டெக்ஸ்ட்' வெறும் எச்சரிக்கை. அதையும் பிழையாக உயர்த்தினோம். பழைய எச்சரிக்கைகளைப் பேஸ்லைன் கோப்பில் ஒதுக்கிவைத்தோம். இனிப் புதுசா வாறது மட்டும்தான் பில்டை நிறுத்தும். இல்லாவிட்டால் முதல் நாளே நூற்றுக்கணக்கில் சிவப்பைப் பார்த்து எல்லாரும் கைவிட்டிருப்பம்.

1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியான நாடு இது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. சட்டத்தில் இருக்கிறது படிவத்திலும் பலகையிலும் வந்து சேருதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கு. எங்கட சின்ன ஆப்பில் அந்தக் காவலை லின்ட் சலிக்காமல் செய்கிறது.

ஆனால் லின்டுக்குத் தமிழ் தெரியாது. வரி இருக்கா என்று மட்டும்தான் பார்க்கும். ஆங்கிலச் சொல்லையே தமிழ்க் கோப்பில் ஒட்டினாலும், 'ரத்து' என்ற இடத்தில் 'ரத்தம்' என்று இருந்தாலும் பச்சை விளக்குத்தான். அதனால் இன்னொரு விதியும் வைத்தோம்: தமிழ்க் கோப்பு மாறினால், தமிழ் வாசிக்கிற ஒராள் போனில் திரையைத் திறந்து பார்த்தபிறகுதான் மேர்ஜ்.

மூன்று மொழியில் ஆப் செய்கிறீங்கள் என்றால், இன்றைக்கே உங்கட லின்ட் கோப்பைத் திறந்து எந்த விதி அணைந்திருக்கு என்று பாருங்கோ.